‘ஓகே’ சொன்னா ஓகேவா?

ஒரு சின்ன டெஸ்ட் பாஸ். பக்கத்துல இருக்குற ஃப்ரெண்டைக் கூப்பிட்டு, மூச்சு விடாம கொஞ்சம் வேகமா இதைச் சொல்லுங்க: “டிசெண்ட் டூ ஃபோர் ஜீரோ ஜீரோ.” சொல்லிட்டு, “எத்தனை அடிக்கு இறங்கச் சொன்னேன்?”னு கேளுங்க.

சிலர் 2,400 அடின்னு சொல்வாங்க. சிலர் 400 அடிம்பாங்க. ரெண்டு பேரையும் திட்ட முடியாது. இங்கிலீஷ்ல ‘இரண்டு’க்கும் ‘டூ’தான், ‘அந்த உயரத்துக்கு’ங்கிற ‘க்கு’வுக்கும் ஏறக்குறைய அதே சத்தம்தான். கேன்டீன் பில்லுல இந்தக் குழப்பம் வந்தா ஒரு வடை எக்ஸ்ட்ரா வரும். அவ்வளவுதான்.

1989 பிப்ரவரி 19 விடிகாலை. சிங்கப்பூரிலிருந்து கோலாலம்பூரின் சுபாங் விமான நிலையத்துக்கு வந்துகொண்டிருந்தது ‘ஃப்ளையிங் டைகர்’ கம்பெனியின் சரக்கு விமானம். போயிங் 747. உள்ளே நாலே பேர். தரையிறங்க நெருங்கும்போது கண்ட்ரோலர் சொன்னது, மேலே நீங்க சத்தமா படிச்ச அதே வார்த்தைகள்தான். அவர் மனசுல இருந்தது 2,400 அடி. காக்பிட்டிலிருந்து வந்த பதில்: “ஓகே, ஃபோர் ஜீரோ ஜீரோ.”

விமானம் 400 அடியைத் தேடி இறங்கியது. நடுவுல குன்று. ‘தரை நெருங்குது, மேல ஏறு’ன்னு எச்சரிக்கைக் கருவி கத்தியும் யாரும் ஏறலை. நாலு பேரும் இறந்துபோனார்கள்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிங்க. பைலட் தப்பா கேட்டார், சரி. ஆனா கேட்டதை அவர் திருப்பிச் சொல்லிட்டார்! ஆகாயத்துல இதுக்குப் பேரு ‘ரீட்பேக்’. கண்ட்ரோலர் சொல்லணும், பைலட் அதை அப்படியே திருப்பிச் சொல்லணும், கண்ட்ரோலர் அதைக் காது கொடுத்துக் கேட்டு, தப்புன்னா உடனே திருத்தணும். நம்ம கண்ட்ரோல் சிஸ்டம்ஸ் பேப்பர்ல வர்ற ஃபீட்பேக் லூப் மாதிரியேதான். இதுல மூணாவது படிதான் ரொம்ப பேஜார். ஏன்னா திருப்பிச் சொல்றதைக் கேட்கும்போது, நம்ம காது ஏற்கெனவே முடிவு பண்ணிடுது: ‘நான் சொன்னதைத்தானே சொல்லப் போறான்!’. சுபாங்ல லூப் அந்த இடத்துலதான் அறுந்துது. ‘ஃபோர் ஜீரோ ஜீரோ’ங்கிற பதில் ரேடியோவில் தெளிவா போயிருக்கு. யாரும் ‘தப்பு’ன்னு சொல்லலை.

இந்த ரேடியோ மொழியில ஒவ்வொரு வார்த்தைக்கும் ஒரே ஒரு அர்த்தம் வச்சிருக்காங்க. சினிமாவுல ஹீரோ ஸ்டைலா சொல்வாரே ‘ரோஜர்’... அதுக்கு ‘சரி, செய்றேன்’னு அர்த்தம் இல்லை. ‘நீங்க சொன்னது முழுசா வந்து சேர்ந்தது’, அவ்வளவுதான். செய்றேன்னு சொல்லணும்னா ‘வில்கோ’. ஒன்பதை ‘நைனர்’ம்பாங்க, மூணை ‘ட்ரீ’ம்பாங்க. கேட்க காமெடியா இருக்கும். கரகர ரேடியோவுல ‘நைன்’ ‘ஃபைவ்’ மாதிரி கேட்டுடக் கூடாதுன்னுதான் இந்த ஏற்பாடு.

ஈ.சி.இ. மக்களுக்கு மட்டும் ஒரு பாரா (மத்தவங்க தாண்டிப் போகலாம், கோவிச்சுக்க மாட்டேன்). எஃப்.எம். இவ்ளோ தெளிவா இருக்கும்போது விமான ரேடியோ ஏன் இன்னும் ஏ.எம்.லயே ஓடுது? ஒரு காரணம் இது. எஃப்.எம்.ல ரெண்டு பேர் ஒரே நேரத்துல பேசினா, பலமான சிக்னல் மத்ததை விழுங்கிடும். இன்னொருத்தர் பேசினதே தெரியாது. ஏ.எம்.ல ரெண்டும் மோதி ‘கீச்’னு ஒரு விசில் கேட்கும். என்ன பேசினாங்கன்னு புரியாது. ஆனா ‘யாரோ குறுக்க பேசிட்டாங்க, திருப்பிக் கேளு’ன்னாவது தெரியும். கேட்கலைங்கிறதாவது தெரியணும்னு ஒரு டிசைன். என்னைக் கேட்டா, மூணு வருஷம் படிச்ச கம்யூனிகேஷன் இன்ஜினீயரிங்ல இதுதான் ரொம்ப அழகான விஷயம்.

சரி, இதெல்லாம் இங்கிலீஷ் வீக்கா இருக்கிறவங்களோட பிரச்னைன்னு நினைக்கிறீங்களா? கேம்பஸ் இன்டர்வியூ சீஸன்ல நம்ம எல்லார் தலையிலும் உட்கார்ந்திருக்குற அதே பூதம். முழுக்க இல்லைன்னு சொல்ல மாட்டேன். 1996 நவம்பர் 12-ல் டெல்லிக்குப் பக்கத்துல, ஹரியானாவின் சார்க்கி தாத்ரி வானத்தில் நடந்தது நம்ம நாட்டுச் சோகம். டெல்லியில தரையிறங்க வந்த கஜகஸ்தான் விமானத்தை 15,000 அடியில் நிற்கச் சொன்னார் கண்ட்ரோலர். எதிரே 14,000 அடியில் சவுதி விமானம். கஜக் விமானம் 15,000-ல் நிற்காமல் இன்னும் இறங்கியது. இரண்டும் மோதி 349 பேர் இறந்தார்கள். ஒருத்தர்கூடப் பிழைக்கவில்லை. அந்தக் காக்பிட்டில் டவரோடு பேசியவர் பைலட் இல்லை, ரேடியோ ஆபரேட்டர். கேட்கிறது ஒருத்தர், ஓட்டுறது இன்னொருத்தர். விசாரணை செய்த லகோட்டி கமிஷன், ஆங்கில அறிவுக் குறைவையும் காரணங்களில் ஒன்றாக எழுதியது. இதுபோன்ற விபத்துகளுக்குப் பிறகுதான் சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பான ஐ.சி.ஏ.ஓ., பைலட்டுக்கும் கண்ட்ரோலருக்கும் ஆங்கிலத் தேர்வு கொண்டுவந்தது. ஆறு நிலைகள், குறைந்தது நாலாவது நிலையாவது வேணும்.

ஆனா இப்போ அமெரிக்காவுக்கு வாங்க. 1974 டிசம்பர் 1. டி.டபிள்யூ.ஏ. 514, போயிங் 727. பைலட்டும் அமெரிக்கர், கண்ட்ரோலரும் அமெரிக்கர். பால்குடி மறக்கும் முன்பே இங்கிலீஷ் பேசினவங்க. வாஷிங்டன் நகர விமான நிலையத்துல காத்து பலமா இருந்ததால், விமானத்தைப் பக்கத்திலிருக்கும் டல்லஸ் விமான நிலையத்துக்குத் திருப்பினார்கள். இன்னும் 44 மைல் இருக்கும்போதே கண்ட்ரோலர் சொல்லிட்டார்: ‘கிளியர்ட் ஃபார் அப்ரோச்’. தரையிறங்கும் பாதையில் வரலாம்.

இந்த மூணு வார்த்தையில எது கஷ்டமான வார்த்தை? எதுவும் இல்லை. பைலட்டுகள் புரிஞ்சுகிட்டது: ‘நம்ம ரேடார்ல இருக்கோம். கீழே மலை இருந்தா அவர் சொல்லியிருப்பார். சொல்லலையே, அப்போ 1,800 அடிக்கு இறங்கலாம்.’ கண்ட்ரோலர் நினைச்சது: ‘வழியில எந்த உயரத்துல இருக்கணும்னு பைலட் கையில மேப் இருக்கு, அவர் பார்த்துப்பார்.’ கேப்டன் மேப்பைப் பார்க்கவும் செய்தார். அந்தப் பகுதிக்கு 3,400 அடின்னு அதில் இருந்தது. காக்பிட்டில் அதைப் பற்றிப் பேச்சும் வந்தது. கடைசியில், ‘கிளியர் பண்ணிட்டா இறங்கலாம்னுதான் அர்த்தம்’ என்று முடிவானது. மவுண்ட் வெதர் என்ற மலையில் மோதி 92 பேரும் இறந்தார்கள். விசாரணை வாரியத்தின் உறுப்பினர்களே இரண்டாகப் பிரிந்தார்கள். தப்பு பைலட் மேலன்னு மூணு பேர், சிஸ்டம் மேலன்னு ரெண்டு பேர். ஸோ, அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம்னு விபத்து நடந்து, ரூம் போட்டு மாசக்கணக்கா உட்கார்ந்து யோசிச்சவங்களுக்கே ஒரே பதில் கிடைக்கலை.

அடுத்தது ஒரே ஒரு எழுத்து. 1980 ஏப்ரல் 25, ஸ்பெயினுக்குச் சொந்தமான டெனரீஃப் தீவு. மான்செஸ்டரிலிருந்து டூரிஸ்ட்டுகளோடு வந்த டான்-ஏர் 1008 விமானத்தை, முன்னாடி இன்னொரு விமானம் போவதால், கொஞ்ச நேரம் வானத்தில் வட்டமடிக்கச் சொன்னார் கண்ட்ரோலர். இதுக்குப் பேர் ‘ஹோல்டு’. ரேஸ் டிராக் மாதிரி ஒரு பாதையில் சுத்திக்கிட்டே இருக்கணும். ‘டர்ன்ஸ் டு த லெஃப்ட்’, அதாவது ஒவ்வொரு சுற்றையும் இடது பக்கமா திரும்பு என்று சொல்ல நினைத்தவர், ‘டர்ன் டு த லெஃப்ட்’ என்றார். ஒரு ‘ஸ்’ விழுங்கப்பட்டது. இடது பக்கம் திரும்பு என்று பைலட் எடுத்துக்கொண்டார். இடது பக்கம் மலை. 146 பேர்.

எனக்கு இதுல மனசை அறுக்கிறது அந்த ‘ஸ்’ இல்லை. அந்த ஹோல்டு எந்த மேப்பிலும் இல்லாத ஒன்று. காக்பிட்டுக்குள்ள, ‘என்னய்யா இது, விசித்திரமான ஹோல்டா இருக்கே?’ன்னு அவங்களே பேசிக்கிட்டிருக்காங்க. கறுப்புப் பெட்டியில பதிவாகியிருக்கு. டவர்கிட்ட போன பதில் மட்டும் ‘ரோஜர்’. ஹெச்.ஓ.டி. கிளாஸ்ல ‘அண்டர்ஸ்டுட்?’னு கேட்டதும் அறுபது தலையும் ஒரே தாளத்துல ஆடி, அவர் வெளியே போனதும் “மச்சி, என்னடா சொன்னாரு?”ன்னு பக்கத்து பெஞ்சைக் கேட்போமே... அதேதான்.

இப்போ இந்த வாரத்தோட மெயின் பிக்சர். 1990 ஜனவரி 25, நியூயார்க். கொலம்பியாவின் அவியாங்கா 52. போகோட்டாவில் கிளம்பி, மெடலின் வழியாக, கென்னடி விமான நிலையத்துக்கு வருகிறது. 158 பேர். நியூயார்க்கில் அன்னிக்கு மோசமான வானிலை, டிராஃபிக் ஜாம். விமானத்தை மூணு இடத்துல ‘ஹோல்டு’ போட்டு நிறுத்தினாங்க. மொத்தம் 1 மணி 17 நிமிடம். தரையில ஜாம்னா வண்டியை ஆஃப் பண்ணிடலாம். மேலே முடியுமா?

மூணாவது ஹோல்டுல ‘இன்னும் நேரமாகும்’னு சொன்னதும் கோ-பைலட் சொன்னார்: ‘எங்களுக்கு பிரையாரிட்டி வேணும்னு நினைக்கிறோம்.’ எவ்வளவு நேரம் தாங்குவீங்கன்னு கேட்டதுக்கு, ‘அஞ்சு நிமிஷம்தான்’. மாற்று விமான நிலையம் எதுன்னு கேட்டதுக்கு, ‘பாஸ்டன். ஆனா இனிமே அங்கே போக முடியாது, எரிபொருள் தீர்ந்துடும்’.

இதுக்கு மேல என்ன சொல்லணும்னு தோணுதா? தோணும். ஆனா கண்ட்ரோலரோட ரூல் புக்கில் மந்திர வார்த்தை ‘பிரையாரிட்டி’ இல்லை. ‘எமர்ஜென்ஸி’ அல்லது ‘மேடே’. அதைச் சொன்னா வானத்தையே காலி பண்ணிக் கொடுப்பாங்க. சொல்லலைன்னா, க்யூவுல இருக்குற இன்னொரு விமானம், அவ்வளவுதான். இதுல இன்னொரு கொடுமை, அவியாங்காவை அடுத்த கண்ட்ரோலர்கிட்ட ஒப்படைக்கும்போது ‘அஞ்சு நிமிஷம்தான் தாங்கும்’ங்கிறது மட்டும் போச்சு. பாஸ்டன் கதை வழியிலேயே உதிர்ந்துடுச்சு.

ஒருவழியா இறங்க வந்தாங்க. காத்து கீழே தள்ளுது, ரன்வே கண்ணுக்குத் தெரியலை. திரும்ப மேலே ஏறிட்டாங்க. இப்போ கேப்டன் கோ-பைலட்கிட்ட ஸ்பானிஷ்ல சொல்றார்: ‘எமர்ஜென்ஸின்னு சொல்லு.’ கேப்டனுக்கு இங்கிலீஷ் அவ்வளவா வராது. டவரோடு பேசறதெல்லாம் கோ-பைலட்தான். அவர் என்ன செய்தார் தெரியுமா? கண்ட்ரோலர் கொடுத்த திசையை முதலில் ஒழுங்கா திருப்பிச் சொன்னார். ‘இன்னொரு தடவை முயற்சி பண்றோம்’ என்றார். அப்புறம், வாக்கியத்தோட வால்ல, ‘எரிபொருள் தீர்ந்துகிட்டிருக்கு’. கேப்டன் திரும்பக் கேட்கிறார், ‘சொல்லிட்டியா?’ ‘சொல்லிட்டேன் சார்.’

தரையிறங்க வர்ற எல்லா விமானத்துலயும் எரிபொருள் தீர்ந்துகிட்டுத்தான் இருக்கும்! கண்ட்ரோலர் காதுல அது செய்தியாவே விழலை. ஆனா ‘சொல்லிட்டேன்’ங்கிறதும் பொய் இல்லை. அவர் கணக்குல அவர் சொல்லிட்டார். கொஞ்ச நேரத்துல கண்ட்ரோலர் கேட்கிறார்: ‘உங்களை வடகிழக்கே ஒரு 15 மைல் கூட்டிட்டுப் போய்த் திருப்பிக் கொண்டுவரேன். உங்களுக்கும் உங்க எரிபொருளுக்கும் அது ஓகேவா?’

கதவு முழுசா திறந்து கிடக்கு. உள்ளே வர வேண்டியதுதான் பாக்கி. கோ-பைலட் சொன்ன பதில்: ‘ஓகேன்னுதான் நினைக்கிறேன். ரொம்ப நன்றி.’

இந்த இடத்துல ஒவ்வொரு தடவையும் எனக்கு அந்த மனுஷன் சட்டையைப் பிடிச்சு உலுக்கணும் போல இருக்கு. அப்புறம் யோசிச்சா... ஊர் பேர் தெரியாத ஒருத்தர், மின்னல் வேக நியூயார்க் இங்கிலீஷ்ல, அதிகாரமா கேட்கிறார். ‘இல்லை சார், முடியாது’ன்னு சொல்ல, இங்கிலீஷைத் தாண்டி வேற ஒண்ணு வேணும். மால்கம் கிளாட்வெல் தன்னோட ‘அவுட்லையர்ஸ்’ புத்தகத்தில் இதைக் கொலம்பியக் கலாசாரத்தோடு முடிச்சுப் போடறார். பெரியவங்க முன்னால அடங்கிப் பேசற பழக்கம்னு. எனக்கு அது முழுசா ஒப்பலை. டான்-ஏர் பைலட்டுகள் பிரிட்டிஷ்காரங்க. அவங்களும்தானே கேட்காம விட்டாங்க?

நாலு இன்ஜினும் ஒவ்வொண்ணா அணைஞ்சு, லாங் ஐலண்டில் கோவ் நெக் என்ற ஊரின் மலைச்சரிவில் விழுந்தது விமானம். 73 பேர் இறந்தார்கள். 85 பேர் பிழைத்தார்கள். தீப்பிடிக்கவில்லை. எரிய உள்ளே ஒண்ணுமே இல்லையே. விசாரணை அறிக்கை பைலட்டுகளைத்தான் முதலில் குறை சொன்னது. ஆனா கூடவே, எரிபொருள் குறைவைச் சொல்ல எல்லாருக்கும் பொதுவா ஒரு வார்த்தை இல்லாததையும் காரணமா சேர்த்தது. 2012-ல் ஐ.சி.ஏ.ஓ. அதைச் சரி செய்தது. இப்போ ரெண்டே நிலைதான். ‘மினிமம் ஃப்யூயல்’ என்றால், இனிமே லேட் பண்ணினா சிக்கல் வரும். ‘மேடே, மேடே, மேடே, ஃப்யூயல்’ என்றால், இப்பவே இறக்கு. நடுவுல பணிவா, சுத்தி வளைச்சுச் சொல்ல இடமே வைக்கலை. 22 வருஷம் ஆச்சு, அந்த ஒரு வார்த்தைக்கு!

சரி, வார்த்தையும் சரி, ரீட்பேக்கும் சரின்னா பிரச்னை முடிஞ்சுதா? 2024 ஜனவரி 2, டோக்கியோ ஹனேடா. பூகம்ப நிவாரணப் பொருள்களோடு ஒரு கடலோரக் காவல்படை விமானம் கிளம்பத் தயாராக இருந்தது. ‘நம்பர் ஒன். ரன்வேக்கு வெளியே சி-5 கோட்டுக்கு வாங்க’ என்றார் கண்ட்ரோலர். நம்பர் ஒன் என்றால், கிளம்பும் வரிசையில் நீங்கதான் முதல் ஆள். அங்கிருந்து பதில் அட்சரம் பிசகாமல் வந்தது. சி-5, நம்பர் ஒன், நன்றி. அப்புறம் விமானம் கோட்டைத் தாண்டி ரன்வேக்குள் போய் நின்றது. போகலாம்னு அனுமதி கிடைச்சுட்டதாகவே அந்த கேப்டன் நம்பினார். தரையிறங்க அனுமதி வாங்கியிருந்த ஜப்பான் ஏர்லைன்ஸின் ஏர்பஸ் ஏ350 அதன் மேலேயே வந்து இறங்கியது. பயணிகள் விமானத்திலிருந்த 379 பேரும் எரியும் விமானத்தை விட்டு உயிரோடு வெளியே வந்தார்கள். சின்ன விமானத்தில் இருந்த ஆறு பேரில் கேப்டன் மட்டும் பிழைத்தார். அதுக்கப்புறம் கொஞ்ச காலம் ‘நம்பர் ஒன்’னு சொல்றதையே ஜப்பான் நிறுத்தி வச்சது. வாய் சரியாத் திருப்பிச் சொன்னதைத்தான் மனசும் கேட்டுச்சான்னு பார்க்க, ஒரு ரேடியோவாலும் முடியாது.

அந்த டி.டபிள்யூ.ஏ. 514 கதையில் ஒரு பாதியை இன்னும் சொல்லலை. அந்த விபத்துக்கு ஆறு வாரம் முன்னாடி, யுனைடெட் ஏர்லைன்ஸ் விமானம் ஒண்ணு அதே டல்லஸில், அதே வார்த்தைகளை அதே மாதிரி தப்பா புரிஞ்சுகிட்டு, அதே மலையை மயிரிழையில் தவறவிட்டுத் தப்பிச்சது. அந்த பைலட்டுகள் தங்களோட கம்பெனியில உண்மையைச் சொன்னாங்க. கம்பெனியும் தன்னோட பைலட்டுகளை எச்சரிச்சது. ஆனா அந்தச் செய்தி டி.டபிள்யூ.ஏ. வரைக்கும் போய்ச் சேரலை. அதுக்கு அப்போ ஒரு வழியே இல்லை.

வழி பிறந்தது 1976-ல். நம்ம ராக்கெட் புகழ் நாசா நடத்துற ஒரு தபால் பெட்டி. பைலட், கண்ட்ரோலர், மெக்கானிக்... யார் வேணும்னாலும், ‘நான் இப்படித் தப்பா கேட்டேன், நல்லவேளை தப்பிச்சேன்’னு எழுதிப் போடலாம். நாசா பேர், ஊர் எல்லாத்தையும் அழிச்சுட்டு விஷயத்தை மட்டும் வெளியே விடும். வேணும்னே செய்யாத தப்புன்னா, பத்து நாளுக்குள்ள எழுதினவங்களுக்குத் தண்டனையிலிருந்து சலுகையும் உண்டு. தண்டிக்கிற அதிகாரம் இருக்குற துறைகிட்ட இதைக் கொடுக்காம, சம்பந்தமே இல்லாத நாசாகிட்ட கொடுத்ததுதான் மாஸ்டர் பிளான். பயம் இல்லாததால லட்சக்கணக்கான கடிதங்கள் வந்து குவிஞ்சிருக்கு.

அதிலிருந்து பொறுக்கியெடுத்து மாசா மாசம் ‘கால்பேக்’னு ரெண்டு பக்கச் செய்தித்தாள் ஒண்ணு போடறாங்க. இலவசம். ‘என் விமானத்தோட நம்பரைத்தான் கூப்பிட்டாங்கன்னு நினைச்சு இறங்க ஆரம்பிச்சுட்டேன், அது பக்கத்து விமானத்தோட நம்பர்’ங்கிற ரகக் கதைகள், அவங்க வாயாலேயே. இன்டர்னல்ஸ் முடிஞ்ச கையோட ஒரு இதழைப் படிச்சுப் பாருங்க பாஸ். ஆர்க்குட்டான கிரைம் நாவலெல்லாம் பக்கத்துல வர முடியாது.